நாலு நாளில் பழகிவிடும்

சலவைக்கடையில் ரசீது போடும் அந்த அம்மாளுக்கு வயது ஐம்பத்திரண்டு. அதில் இரண்டு வருடமாவது பூட்டை இழுத்துப் பார்ப்பதிலேயே போயிருக்கும் என்பது அவள் கணவரின் கணக்கு. பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருக்கும் அவர் கூட்டிச் சொல்கிற ஆள் இல்லை. வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருமுனை வரை போவாள். திரும்பி வந்து பூட்டை ஓர் இழு இழுப்பாள். கேஸை மூடியது நன்றாக நினைவிருக்கும். ஆனால் அந்த நினைவு இன்றையதா நேற்றையதா என்று ஒரு சந்தேகம் வந்து ஒட்டிக்கொள்ளும். மகள் வெளியூர் போனால் பஸ் ஏறியதும் ஒரு போன், உட்கார்ந்ததும் ஒரு போன், "உக்காந்துட்டேன்னியே, ஜன்னல் பக்கமா?" என்று இன்னொரு போன். இப்போதெல்லாம் மகள் ஊர் போய் இறங்கிய பிறகுதான் பஸ் ஏறியதையே சொல்கிறாள்.

வீட்டில் திட்டு வாங்கித் தந்த இந்தக் குணத்துக்கு வெளியே ஒரே ஓர் இடத்தில் மரியாதை கிடைத்தது. இரும்புக்கடை மாடியில் ஞாயிறுதோறும் கூடுகிற 'தோள்கொடுப்போம் கிளப்'தான் அது. ஆறு வருடத்துக்கு முன்பு கணவர் பணிமனையில் கிரீஸில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டபோது, கிளப்பிலிருந்து ஒரு ஜோடி ஊன்றுகோல் இரவல் கொடுத்தார்கள். மூன்று மாதம் கழித்து அதைத் திருப்பிக் கொடுக்கப் போனவள், தேய்ந்த அடி ரப்பரை மாற்றி, துடைத்து, "இடது கோலில் மேல் திருகு கொஞ்சம் லூஸ், பார்த்துக் கொடுக்கவும்" என்று ஒரு சீட்டும் கட்டியிருந்தாள். கிளப் தலைவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். ஊரில் பாதிப் பேருக்குப் பிரேக் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். சீட்டைப் படித்துவிட்டு, "அம்மா, நீங்க போகாதீங்க. இங்கயே இருந்துடுங்க" என்றார். அவளும் இருந்துவிட்டாள்.

அன்றிலிருந்து கிளப்பை விட்டு இரவல் போகிற சக்கர நாற்காலி, கட்டில், நடைவண்டி எல்லாமே அவள் கை பட்டுத்தான் படியிறங்கும். யாராவது "எல்லாம் சரியா இருக்கு, குடுத்துடலாம்" என்றால், "இன்னொரு தடவை பாத்துடறேனே" என்பாள். அதுவே பெயராகிவிட்டது. முதுகுக்குப் பின்னால் மட்டுமல்ல, நேரிலேயே எல்லோருக்கும் அவள் 'இன்னொருதடவை அக்கா'. அவளுக்குக் கோபம் வரவில்லை. வாழ்நாளெல்லாம் சும்மா கூடவே அலைந்த பயத்துக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டதே என்று உள்ளூரச் சந்தோஷப்பட்டாள்.

இந்த வருடம் கிளப் எடுத்துக்கொண்ட காரியம் மூக்குக்கண்ணாடி. வீடுகளில் சும்மா கிடக்கும் பழைய கண்ணாடிகளைச் சேர்த்து, பவர் அளந்து, வாங்க வசதியில்லாதவர்களுக்குக் கொடுப்பது. பவர் அளக்கிற மெஷினுக்காக எட்டு ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட் பார்க்கிங்கில் நின்று கார் கழுவினார்கள். தலைவர் சோப்புத் தேய்ப்பார், கிளப்பில் இருக்கிற பல் டாக்டர் ஒருவர் சக்கரம் துடைப்பார். அவள் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு, "ஜன்னல் ஏத்திட்டீங்களா? நல்லா ஏத்திட்டீங்களா?" என்று ஒவ்வொரு காரையும் ஒரு சுற்றுச் சுற்றுவாள். அவள் கேட்காமல் விட்ட ஒரே காரில் பின் ஜன்னல் திறந்திருந்தது. சீட்டெல்லாம் குளம். அதற்குப் பிறகு அவளை யாரும் கேலி செய்யவில்லை.

மெஷின் வந்தது. கிளப் உறுப்பினரான கண்ணாடிக்கடைக்காரர், பழைய கண்ணாடிகளை ஒவ்வொன்றாக அதில் வைத்துப் பார்த்து, உறையில் போட்டு, மேலே பவர் எழுதிய சீட்டை ஒட்டினார். கிட்டத்தில் தெரியாதவர்களுக்குப் பிளஸ், தூரத்தில் தெரியாதவர்களுக்கு மைனஸ். "பிளஸ்ஸுக்கெல்லாம் குறி போட்டா என் கை ஒடிஞ்சிடும். வெறும் நம்பர் இருந்தா பிளஸ், முன்னாடி கோடு இருந்தா மைனஸ். புரியுதில்ல?" என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டார். அளந்ததை எழுதிவைத்த நோட்டுடன் ஒப்பிட்டு அவள் ஒவ்வொரு சீட்டின் மூலையிலும் ஒரு டிக் போட்டாள். வியாழக்கிழமையோடு வேலை முடிந்தது.

முடிந்தது என்றால் மற்றவர்களுக்கு. வெள்ளிக்கிழமை அவள் பிளஸ் பெட்டியைச் சலவைக்கடைக்கே தூக்கிக்கொண்டு போனாள். வாடிக்கையாளர் வராத நேரத்தில் இன்னொரு தடவை பார்த்துவிடலாமே என்று. ஏழு உறை பார்ப்பதற்குள் ஓட்டலிலிருந்து மேஜைவிரிப்பு மூட்டைகள் வந்து இறங்கிவிட்டன. நோட்டில் "இரண்டாம் முறை, ஏழு வரை" என்று குறித்துவிட்டுப் பெட்டியை மூடிவைத்தாள். சனிக்கிழமை தலைவரும் பல் டாக்டரும் பெட்டிகளைக் கொட்டி, சீட்டைப் பார்த்துப் பிளஸ், மைனஸ் என்று உறைகளை வரிசையாக அடுக்கினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாடிப்படி கொள்ளாத கூட்டம். முந்தின வாரமே எல்லோருக்கும் கண் சோதித்துக் கையில் அட்டை கொடுத்தாகிவிட்டது. அட்டையிலிருக்கும் நம்பரைப் பார்த்து உறையை எடுத்துக் கொடுப்பதுதான் பாக்கி. கண்ணாடிக்கடைக்காரர் ஒரு மூலையில் குறடோடு உட்கார்ந்து ஃபிரேம்களை வளைத்துக்கொண்டிருந்தார். அவள் கொடுக்கும் மேஜையில் இருந்தாள். முதன்முதலாகக் கண்ணாடி போடுகிறவர்களுக்குத் தலை சுற்றும், தரை ஏறி இறங்கும். பயந்துபோய்க் கழற்றிவைத்துவிடுவார்கள். அதற்காகக் கண்ணாடிக்கடைக்காரர் ஒரு வாக்கியம் சொல்லிக் கொடுத்திருந்தார். அவள் அதை அன்று எத்தனை பேரிடம் சொன்னாளோ.

"முதல்ல அப்படித்தான் இருக்கும். நாலு நாள்ல பழகிடும். கழட்டிக் கழட்டிப் போட்டா பழகாது. வேலை செய்யும்போதும் போட்டுக்கங்க."

"தெரியுதா?" என்று கேட்பாள். "தெரியுதுங்க" என்பார்கள். எல்லோரும் தெரிகிறது என்றுதான் சொன்னார்கள்.

புதன்கிழமை காலை ஒன்பதரை. ஒரு பெண் போர்வை இரண்டு கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனாள். ரசீதம்மா துணிச்சீட்டில் நம்பர் எழுதினாள். உருப்படியை எண்ணினாள். எண்ணிச் சரிபார்த்தாகிவிட்டது என்பதற்கு அடையாளமாக நம்பருக்கு முன்னால் ஊதா மார்க்கரால் சின்னதாக ஒரு கோடு இழுத்தாள். அந்தக் கடையில் பதினெட்டு வருடமாக இதுதான் முறை. வலப்பக்கம் உருப்படிக் கணக்கு வரும், அதனால் கோடு இடப்பக்கம். கை தானாகச் செய்கிற காரியம்; சாப்பிடும்போது வாய்க்கு வழி தேடாத மாதிரி.

கோட்டை இழுத்துவிட்டுச் சீட்டைப் பார்த்தாள். நம்பர் நூறு. முன்னால் ஒரு கோடு.

மார்க்கரை மூடாமலே கீழே வைத்தாள்.

இதே மேஜை. இதே ஊதா மார்க்கர். வெள்ளிக்கிழமை இங்கே உட்கார்ந்துதான் ஏழு உறைகளைச் சரிபார்த்தாள். சரிபார்த்தபோது டிக் போட்டாளா, கோடு போட்டாளா? கிளப்பில் இருக்கும்போது கைக்கு டிக் நினைவிருக்கும். கடையில்? கை கடையின் பேச்சைத்தானே கேட்டிருக்கும். வெறும் நம்பர் இருந்தால் பிளஸ், முன்னாடி கோடு இருந்தால் மைனஸ்.

கண்ணாடிக்கடைக்காரருக்கு போன் போட்டாள். அவசரத்தில் விரல் முதலில் மகளைக் கூப்பிட்டுவிட்டது. மகள் "பஸ்ல இல்லம்மா, ஆபீஸ்ல இருக்கேன்" என்று பழக்கத்தில் சொல்லிவிட்டு வைத்தாள். இரண்டாவது தடவை சரியாகப் போனது.

"அண்ணே, மிச்சம் இருக்கற மைனஸ் உறையெல்லாம் எடுங்க. ஊதாக் கோடு போட்டது ஏதாச்சும் இருக்கா பாருங்க."

"ஊதாவா? நான் கறுப்புலதானே எழுதுவேன்..." மறுமுனையில் உறைகள் உரசும் சத்தம். பிறகு சத்தம் நின்றது. "இருக்கு. ஒண்ணு, ரெண்டு... அஞ்சு இருக்கு. யாரு போட்டது?"

"மெஷின்ல வெச்சுப் பாருங்க."

அந்த இரண்டு நிமிடத்தில் அவள் ஒரு பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டி, கடைசியில் உடைத்தே விட்டாள்.

"அஞ்சும் பிளஸ்ஸும்மா" என்றார் கண்ணாடிக்கடைக்காரர். குரல் இறங்கியிருந்தது. "ஏழுல அஞ்சு இங்க இருக்கு. ரெண்டு போயிடுச்சு."

முதலாளியிடம் அரைநாள் லீவு கேட்டாள். பதினெட்டு வருடத்தில் அவள் வாய் திறந்து லீவு கேட்டது அதுவே இரண்டாவது தடவை என்பதால், அவர் காரணம் கேட்கப் பயந்து "போய்ட்டு வாங்க" என்றார். மூன்று தெரு தள்ளிக் கண்ணாடிக்கடை. ஓடினாள் என்று சொல்ல முடியாது. அவள் உடம்புக்கு அது ஓட்டம்.

எந்த உறை யாருக்குப் போனது என்ற பட்டியலைக் கண்ணாடிக்கடைக்காரர் விரித்து வைத்திருந்தார். தலைவரும் வந்துவிட்டார். ஊதாக் கோட்டு உறை இரண்டும் மைனஸ் அட்டை வைத்திருந்த இரண்டு பேருக்குப் போயிருந்தன. ஒருவர் மார்க்கெட்டில் காய் விற்கிற அம்மா. இன்னொருவர் பெயிண்டர். தூரத்தில் தெரிவதற்கு மைனஸ் ஒன்று போடவேண்டிய அந்த மனிதருக்குப் பிளஸ் ஒன்று போயிருக்கிறது.

"அப்படின்னா அவருக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள்.

"கையில இருக்கறது பளிச்சுனு தெரியும். அதுக்கு அப்பால எல்லாம் மங்கல். போடாம இருந்ததைவிட மோசமா இருக்கும்."

"கீழ பாத்தா?"

அவர் பட்டியலில் பெயிண்டரின் போன் நம்பரை விரலால் காட்டினார்.

அவளுக்கு அந்த மனிதரை நினைவிருந்தது. நாற்பத்தைந்து வயது இருக்கும். நகக்கண்ணில் வெள்ளைப் பெயிண்ட். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "ஒரு மாதிரி அலையடிக்குதுக்கா" என்றவர். அவள்தான் சொன்னாள். நாலு நாளில் பழகிவிடும், கழற்றாமல் போடுங்கள், வேலையிலும் போட்டுக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்தில் பாடம் கேட்கிற மாதிரித் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். இன்று நாலாவது நாள்.

பட்டியலிலிருந்த நம்பருக்குக் கூப்பிட்டாள். அவர் மனைவி எடுத்தாள்.

"கிளப்பு அக்காவா? கண்ணாடி குடுத்தீங்களே, நல்லா இருக்கீங்களா? அவரு வேலைக்குப் போயிட்டாரே."

"கண்ணாடி போட்டுக்கிட்டா?"

"ஆமாக்கா, கழட்டறதே இல்ல. நேத்து வாசப்படியில ரெண்டு தடவை தடுமாறினாரு. கழட்டி வெச்சுட்டுப் போங்கன்னா, பழகணும்டி, அக்கா சொல்லிருக்காங்கன்னு எங்கிட்ட சண்டைக்கு வராரு."

"எங்க வேலை?"

"புது ஆஸ்பத்திரிக்கு எதிர்ல, நாலு மாடி கட்டுறாங்களே அங்க. வெளிச்சுவரு. ஏங்க்கா, ஏதாச்சும்..."

"ஒண்ணும் இல்லம்மா. கண்ணாடியை மாத்திக் குடுக்கணும், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு வைத்தாள். ஒன்றும் இல்லை என்று அவள் வாயிலிருந்து வந்ததைக் கேட்டுத் தலைவர் கொஞ்சம் ஆச்சரியப்பட்டார். உலகத்தில் எல்லாவற்றிலும் ஏதோ ஒன்று இருக்கிறது என்று நம்புகிறவள் அவள்.

"அவரு செல் நம்பர் வாங்கி, கழட்டச் சொல்லிடலாமே" என்றார் தலைவர்.

"வேணாம். சாரத்து மேல நிக்கறப்ப போன் அடிச்சா ஒரு கையை விட்டுட்டுத்தான் எடுப்பாரு. எடுக்கறப்ப கீழ பாப்பாரு." அவள் சொல்லும்போதே அது அவள் கண்ணுக்கு முன்னால் நடந்து முடிந்துவிட்டது. ஒருமுறை அல்ல, மூன்று நான்கு விதமாக. "நான் போறேன். நீங்க காய்க்கார அம்மாவைப் பாருங்க."

கண்ணாடிக்கடைக்காரர் மைனஸ் ஒன்று கண்ணாடி ஒன்றைத் தேடி எடுத்து மெஷினில் வைத்தார். "மைனஸ் ஒண்ணு. சரியா இருக்கு."

"இன்னொரு தடவை" என்றாள்.

இன்னொரு தடவை வைத்தார். இந்த முறை அவளையும் குனிந்து பார்க்கச் சொன்னார். பார்த்தாள். பச்சையாக ஏதோ கோடுகள் தெரிந்தன. ஓர் எழவும் புரியவில்லை. ஆனாலும் மனசு கொஞ்சம் ஆறியது. உறையைக் கைப்பையில் போட்டு, ஜிப்பை இழுத்து, ஜிப் மூடியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு ஆட்டோ ஏறினாள்.

ஆட்டோவில் உட்கார்ந்திருந்தபோதுதான் அவளுக்கு அழுகை முட்டியது. தப்பு செய்ததற்காக மட்டும் இல்லை. எல்லோரும் ஒரு தடவை பார்த்துவிட்டு நிம்மதியாகப் போனார்கள். அந்த ஒரு தடவையில் தப்பே இல்லை. அவள் இரண்டாவது தடவை பார்த்ததால்தான் தப்பே வந்தது. உலகம் அவளை நம்பி ஒப்படைத்த ஒரே குணம், அதுவும் இப்படிக் காலை வாரிவிட்டது. அந்த மனிதர் விழுந்தால்? கிளப் கொடுத்த கண்ணாடியால் விழுந்தார் என்பார்கள். அவளுக்குத் தெரியும், கிளப் இல்லை. இந்தக் கை. வலது கையை மடியில் வைத்து இடது கையால் இறுகப் பிடித்துக்கொண்டாள். "மேடம், எந்தப் பக்கம் திரும்பணும்?" என்று ஆட்டோக்காரர் மூன்று முறை கேட்ட பிறகுதான் காதில் விழுந்தது.

நாலு மாடிக் கட்டடத்தைச் சுற்றி இரும்புக்குழாய்ச் சாரம் கட்டியிருந்தது. மூன்றாவது தளத்துக்கு நேராகப் பலகையில் அவர் நின்றிருந்தார். பழுப்புச் சுவரில், ஜன்னலுக்குக் கீழே நீளமாக ஒரு நீலப் பட்டை ஓடியது; அதைத்தான் அடித்துக்கொண்டிருந்தார். முகம் சுவரோடு ஒட்டியிருந்தது. காதோரம் கண்ணாடிக் கம்பி வெயிலில் மின்னியது.

கீழே மணல் குவியலுக்குப் பக்கத்தில் நின்ற மேஸ்திரி அவளைப் பார்த்தார். "யாரும்மா வேணும்?"

கையைக் காட்டினாள்.

மேஸ்திரி வாயைத் திறந்து மூச்சை இழுத்தார். அந்தத் தொண்டையின் பலம் அவளுக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. பாய்ந்துபோய் அவர் கையைப் பிடித்தாள். "கூப்பிடாதீங்க! கத்தாதீங்க. அவரு திரும்பிப் பாக்கக்கூடாது."

மேஸ்திரி பயந்துபோனார். "ஏம்மா, வீட்ல ஏதாச்சும் ஆயிடுச்சா?"

மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னாள். அவர் ஒருமுறை மேலே பார்த்தார், ஒருமுறை அவளைப் பார்த்தார். "அதான் பார்த்தேன். பன்னெண்டு வருசமா எங்கிட்ட வேலை பாக்கறான். கோடு போட்டா நூல் பிடிச்ச மாதிரி இருக்கும். இந்த மூணு நாளா பாம்பு போன மாதிரி அடிச்சு வெச்சிருக்கான். குடிக்க ஆரம்பிச்சுட்டியாடான்னு நேத்து எல்லார் முன்னாடியும் கேட்டுட்டேன்." மோவாயைத் தடவிக்கொண்டார். "அவனும் தலையைக் குனிஞ்சுக்கிட்டு மேல ஏறிட்டான்."

"எப்ப இறங்குவாரு?"

"டீக்கு. இன்னும் இருபது நிமிசம். அவனே இறங்கட்டும்."

தன் வாழ்க்கையில் அந்த இருபது நிமிடம் மாதிரி வேறெதுவும் அவளுக்கு இருந்ததில்லை. பயம் வந்தால் எதையாவது இழுத்துப் பார்ப்பாள், திறந்து மூடுவாள், யாருக்காவது போன் செய்வாள். இங்கே எதுவும் செய்யக்கூடாது. சும்மா நிற்க வேண்டும். சாரத்தின் ஒரு குழாயைப் பிடித்துக்கொண்டாள். தான் பிடித்ததால் அது ஆடுமோ என்று கையை எடுத்தாள். எடுத்ததால் ஆடுமோ என்று மறுபடி பிடித்தாள்.

நடுவில் தலைவர் போன் செய்தார். பையிலிருந்து சத்தம் வருவதற்குள் எடுத்துவிட்டாள். "காய்க்கார அம்மாவுக்குப் பிரச்சினை இல்லை" என்றார் தலைவர். "அவங்க இதுவரைக்கும் போடவே இல்லையாம். இவ்வளவு நல்ல பொருளைத் தினமும் போட்டுத் தேய்க்கவா, எங்கயாச்சும் வெளிய போனா போட்டுக்கலாம்னு பீரோவுல வெச்சுப் பூட்டியிருக்காங்க. பாத்து வாங்கிட்டேன். அங்க என்ன ஆச்சு?"

"இன்னும் மேலதான் இருக்காரு" என்று கிசுகிசுத்துவிட்டு வைத்தாள்.

மேலே அவர் பெயிண்ட் வாளியைத் தள்ளிவைக்கத் திரும்பினார். கால், பலகையின் விளிம்பைத் தேடியது. முதலில் கட்டைவிரல், பிறகு பாதம். இல்லாத இடத்தில் ஒருமுறை வைத்து, சட்டென்று இழுத்துக்கொண்டது. அவள் வாயைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டாள். அவர் குழாயைப் பிடித்துக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். அந்த நேரத்தில்கூடக் கண்ணாடியைக் கழற்றவில்லை. அதை மூக்கின்மேல் நன்றாக அழுத்திவிட்டுக்கொண்டார்.

கழட்டுங்களேன், கழட்டித் தொலையுங்களேன் என்று அவள் மனசு கதறியது. அவர் கழற்றமாட்டார். அவள் சொல்லியிருக்கிறாள்.

மேஸ்திரி டீக்கு விசில் ஊதினார். பெயிண்டர் பிரஷ்ஷை வாளியின் மேல் குறுக்கே வைத்துவிட்டு ஏணிக்கு வந்தார். ஒவ்வொரு படியாக, காலால் தடவித் தடவி இறங்கினார். அவளும் மேஸ்திரியும் ஏணியின் அடியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். இரண்டாவது தளம். முதல் தளம். கடைசிக்கு முந்தின படியைத் தரை என்று நினைத்தாரோ என்னவோ, கையை விட்டுவிட்டார். அவள் கத்தியே விட்டாள். நல்லவேளையாக மணலில்தான் விழுந்தார். உள்ளங்கை கொஞ்சம் சிராய்த்தது, அவ்வளவுதான்.

எழுந்து மணலைத் தட்டிக்கொண்டே அவளை உற்றுப் பார்த்தார். ரொம்பக் கிட்டே வந்த பிறகுதான் அடையாளம் தெரிந்தது. "அட, அக்காவா! நீங்க எங்க இங்க?"

"கண்ணாடியைக் கழட்டுங்க தம்பி. முதல்ல கழட்டுங்க."

"இல்லக்கா, நாலு நாள் இன்னைக்குத்தான் முடியுது. நாளைக்குப் பழகிடும். என் கண்ணுதான் கொஞ்சம் மொரட்டுக் கண்ணு, சீக்கிரம் படிய மாட்டேங்குது."

அவளே கையை நீட்டி அவர் முகத்திலிருந்து கண்ணாடியை எடுத்தாள். அழுதுகொண்டே சொன்னாள். "உங்க கண்ணு மேல ஒண்ணும் இல்ல. தப்பு எம்மேல. மாத்திக் குடுத்துட்டேன். நான் போட்ட கோட்டால வந்த வினை. உங்களுக்குத் தெரியலைன்னா வந்து சொல்லியிருக்கக் கூடாதா? வந்து நாலு திட்டு திட்டியிருக்கக் கூடாதா?"

அவர் சங்கடமாகச் சிரித்தார். "எப்படிக்கா? நீங்கள்லாம் வெயில்ல நின்னு காரு கழுவி, அந்தக் காசுல குடுத்தது. நான் மார்க்கெட்ல பாத்தேனே. அதை வாங்கிக்கிட்டு வந்து, இது சரியில்லன்னு எந்த வாயால சொல்றது? நல்லதா குடுத்திருப்பாங்க, நமக்குத்தான் போடத் தெரியலன்னு நெனச்சேன்."

அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை மேஜையைத் தாண்டிப் போன முகங்கள் எல்லாம் நினைவுக்கு வந்தன. தெரியுதா? தெரியுதுங்க. இன்னும் எத்தனை பேர் எதையெல்லாம் பொறுத்துக்கொண்டு நடமாடுகிறார்களோ. ஃபிரேம் காதை அறுக்கிறது என்றால்கூடச் சொல்லமாட்டார்கள். அத்தனை பேர் வீட்டுக்கும் போக வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தாள். நல்லா இருக்கா என்று கேட்கக்கூடாது. தூரத்தில் எதையாவது காட்டி, படியுங்கள் என்று சொல்ல வேண்டும்.

கைப்பையைத் திறந்து உறையை எடுத்தாள். அவர் புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். கண்ணை இரண்டு முறை சிமிட்டினார். பிறகு மெல்லத் தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தார்.

மூன்று நாள் வேலை அங்கே இருந்தது. நீலப் பட்டை ஏறி, இறங்கி, ஒரு ஜன்னலுக்குக் கீழே தடித்து, இன்னொன்றுக்குக் கீழே மெலிந்து ஓடியது. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தார். டீ தம்ளரை நீட்டிய மேஸ்திரியின் கை அப்படியே நின்றது.

"இதையா நான் அடிச்சேன்?" என்றார் கடைசியில். "மேஸ்திரி, இதைப் பாத்துட்டா என்னை வெச்சிருந்தீங்க?"

"டீயைக் குடிடா" என்றார் மேஸ்திரி. "மறுபடி அடிச்சா போச்சு. நான் பேசினதையும் மறந்துடு."

அவர் தம்ளரை வாங்கிக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார். "அக்கா, இதுக்கு எத்தனை நாள் பழகணும்?"

"ஒரு நாளும் வேணாம்" என்றாள். "சரியா இருந்தா இப்பவே தெரியணும். தெரியலைன்னா என் முகத்துல வீசிட்டுப் போங்க."

டீ முடிந்து அவர் மறுபடி ஏணியில் கால் வைத்தார். அவளுக்குத் திரும்பவும் சந்தேகம் வந்து ஒட்டிக்கொண்டது. மெஷின் சரியாகத்தான் காட்டியதா? உறை மாறாமல்தான் எடுத்தாளா? மேஸ்திரி "நீங்க கெளம்புங்கம்மா" என்றார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஏணியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றாள். கால்கள் இப்போது தடவவில்லை. படி படியாக, சர்ரென்று ஏறின. மூன்றாவது தளத்துப் பலகையில் நின்று அவர் ஊரை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். சின்னப் பையன் மாதிரிச் சிரித்தது கீழேயிருந்தே தெரிந்தது.

"அக்கா! ஏணியை விடுங்க! நல்லா தெரியுது!"

அவள் விடவில்லை. நல்லா தெரியுது என்பதைத்தான் இனிமேல் நம்புவதில்லை என்று முடிவாகிவிட்டதே.

"என்ன தெரியுது?" என்று கத்தினாள்.

அவர் கையை நெற்றிக்கு மேல் வைத்துத் தூரத்தில் பார்த்தார். "அங்க, பெட்ரோல் பங்குக்குப் பின்னாடி, மஞ்சள் போர்டு! 'வெண்மை சலவை நிலையம். ஒரே நாளில் டெலிவரி'!"

அது அவள் கடைதான். பதினெட்டு வருடமாக அவள் நுழைந்து வெளியேறுகிற வாசலின் போர்டு. ஓர் எழுத்துகூடத் தப்பில்லை. மேஸ்திரி சிரித்தார். சாரத்தில் இருந்த மற்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கண்ணீரைத் துடைத்துக்கொண்டாள். ஏணியை மட்டும் விடவில்லை.

"இன்னொரு தடவை படிங்க!" என்றாள்.